செபமும் நீதியும்

செபத்தினால் மனப்புண் ஆறுமா என்று மாணவர் எம்மிடம் வினவுவதுண்டு. மதம் மயக்கமருந்து என்று ஒரே சொல்லில் விடையிறுத்துவிடலாம். ஆனால், நவாலி மக்கள் முன்னே நின்று அவ்வாறு கூற எமக்கு நா எழுவதில்லை.

1995 யூலை 9ஆம் நாள் வலிகாமத்தில் இராணுவம் முன்னேறத் தொடங்கியது. அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டவன் இல்லத்திலேயே அடைக்கலம் கிட்டாத அம்மக்கள் செபத்தைக் கைவிட்டாரில்லை.

செபமாலை ஒலித்த வீட்டில் வளர்ந்த நாம் அது தரும் அமைதியை அறிவோம். லத்தீன் மொழியில் செபமாலை சொல்வோரின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 தடவையாகத் தணிவதை இத்தாலிய ஆய்வாளர் 2001இல் அளந்து காட்டினர். ஆனால், மூச்சுத் தணிவது மட்டுமன்று செபத்தின் பயன். இறந்தோர்க்காகச் செபிக்கையில் அவர்களைப் பெயர் சொல்லி நினைப்பது கத்தோலிக்கர் வழக்கம். எவரும் தண்டிக்கப்படாத இக்கொலையில், மாண்டோரின் பெயர்களை மறவாது காப்பவற்றுள் தாய்மாரின் தனிச்செபமும் ஒன்று.

“செபியுங்கள், மறந்துவிடுங்கள்” என்போரும் உளர். அவர்களுக்கு நாம் உடன்படோம். செபம் ஒரு தாய்க்கு இரவில் உறக்கம் தரலாம். குண்டு வீசப் பணித்தவர் யார் என்று கேட்பதோ உயிரோடிருக்கும் நம் அனைவரின் வேலை. முழந்தாளிட்டவளை எள்ளாதிருப்போம்; அவளது அமைதியைக் காட்டி நீதியை ஒத்திப்போடுவோரையும் விடாதிருப்போம்.