எண்ணிக்கை

எட்டுப் பிள்ளைகளில் ஒருவன் என்று சொன்னால் இப்போதெல்லாம் மனிதர்கள் என்னைச் சற்றுப் பொறாமையோடு பார்க்கிறார்கள். வீடு எப்படிக் கலகலவென்று இருந்திருக்கும் என்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8 என்று 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தக் கணக்குக்கு எதிரே எட்டு என்பது ஏதோ புராண எண் மாதிரித்தான் ஒலிக்கும். நானும் இந்தப் பொறாமையை அனுபவித்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் மணியாச்சிக் கதையைச் சொல்லிவந்திருக்கிறேன். பல வருஷங்கள் சொல்லிச் சொல்லி அது தேய்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தது. சமீபத்தில்தான் அதில் ஒரு பிசிறு இருப்பது தெரிந்தது. அதைச் சொல்லுமுன் வீட்டைச் சொல்ல வேண்டும்.

திருநெல்வேலி டவுனில் ஒரு வளவுக்குள் தார்சா, பட்டாசல், அடுக்களை என்று ரயில் பெட்டிபோல் நீண்ட வீடு. அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. எல்லாமே எங்களிடம் வந்து சேரும்போது பின்னமாகத்தான் வந்தது. லைஃப்பாய் சோப்பை அம்மா நூலால் இரண்டாக அறுத்துத்தான் கிணற்றடிக்குத் தருவாள். அப்பளம் பாதி, பண்டிகை என்றால் முழுசு. தீபாவளிக்கு அப்பா ஒரே பீஸில் துணி எடுத்துவிடுவார். அந்த வருஷம் பையன்களுக்கெல்லாம் அதே கோடு போட்ட சட்டை. மிஞ்சியது தலையணை உறை. கோயிலுக்குப் போனால் பேண்டு வாத்தியக் கோஷ்டி வருகிறது என்பார்கள். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. சொன்னபோது மற்ற வீடுகளில் அது அரசியல். எங்கள் வீட்டில் அம்மா உழக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதை நாள் கணக்காக மாற்றிப் பார்த்தாள்.

வியாதிகளும் பங்கிட்டுக்கொள்ளப்பட்டன. மணல்வாரி ஒருத்தனுக்கு வந்தால் ஒன்றரை மாதத்துக்கு வாசலில் வேப்பிலை. கடைசி ஆள் எழுந்து உட்காரும்போது முதல் ஆள் பரீட்சையில் தோற்றிருப்பான். பேன் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு. அம்மா ஒருத்தியைக் கூப்பிட நினைத்தால் வரிசையாக நாலு பெயரைச் சொல்லி, ஐந்தாவதில்தான் சரியான பெயருக்கு வருவாள். சில சமயம் அலுத்துப்போய், "யாராவது வாங்களேன்" என்பாள். யாராவது என்றால் அக்கா என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் அசையமாட்டோம்.

பாடப்புத்தகங்கள் மேலிருந்து கீழே இறங்கின. முதல் பக்கத்தில் அக்காவின் பெயர், அதன்மேல் ஒரு கோடு, கீழே அண்ணன் பெயர், அதன்மேல் ஒரு கோடு. என்னிடம் வரும்போது ஐந்தாவது பெயர் எழுத இடம் இருக்காது. கணக்குகளுக்கு விடை ஏற்கனவே பென்சிலில் இருக்கும், தப்பான விடைகள் உட்பட. வாத்தியார்களும் இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். அண்ணனை மக்கு என்று தீர்மானித்தவர் என்னைப் பார்க்குமுன்பே என்னையும் தீர்மானித்திருந்தார்.

ராத்திரி பட்டாசலில் ஒரே ஜமுக்காளத்தில் வரிசையாகப் படுப்போம். சுவரோரம் யார் என்பதில் தினமும் சண்டை. சண்டை ஓய்ந்தபின் இருட்டில் யாரோ ஒருவர் காரணமில்லாமல் சிரிக்க, அது வரிசை முழுக்க ஓடும். அப்பா தார்சாவிலிருந்து செருமுவார். அந்தச் சிரிப்பைப்போல ஒன்றை நான் அப்புறம் கேட்டதில்லை. இதையெல்லாம் பொய் என்று இப்போது சொல்லவரவில்லை.

இனி மணியாச்சி. 1965 ஆவணியில் தூத்துக்குடியில் மாமாவுக்குக் கல்யாணம். நாங்கள் அப்போது ஏழு பேர். எட்டாவது அம்மாவின் வயிற்றில். மணியாச்சியில் இறங்கித் தூத்துக்குடி வண்டிக்கு மாற வேண்டும். அப்பாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது கோர்ட்டுக் கட்டுகளைக் கொண்டுபோவது மாதிரி. ஏறியதும் எண்ணினார். ஏழு. சரியாக இருந்தது. வண்டி புறப்பட்டது. நான் பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாயடியில் நின்று ஒரு குருட்டு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு எப்படிச் சரியாக வந்தது என்பதுதான் கதையின் சிறப்பு. கைக்குழந்தையை அப்பா அம்மாவின் இடுப்பில் ஒருமுறை எண்ணினார். பிறகு அக்காவின் இடுப்பில் ஒருமுறை எண்ணினார். இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

எனக்கு ஏழு வயசு. அழுததாக ஞாபகமில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பெஞ்சில் உட்காரவைத்தார். வடைக்காரர் இரண்டு வடை கொடுத்து, 1911இல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது இந்த ஸ்டேஷனில்தான் என்று சொன்னார். இரண்டு முழு வடை, பங்கு கேட்க ஆளில்லாமல். சாயங்கால வெளிச்சத்தில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக இருப்பது என்றால் என்ன என்று முதன்முதலாக அங்கேதான் தெரிந்தது. பிற்காலத்தில் எழுதவந்ததற்கே அந்த பெஞ்சுதான் ஆரம்பம் என்று ஒரு கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன். இருட்டியபின் எதிர்வண்டியில் அப்பாவும் அக்காவும் வந்து இறங்கினார்கள்.

அக்கா ஏன் வந்தாள் என்று இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள், காய் நறுக்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் யாரோ இந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். சிரித்தார்கள். அக்கா அரிவாள்மணையிலிருந்து தலை நிமிராமல், "ஒனக்கு மணியாச்சின்னா வடை. எனக்கு அடிலா" என்றாள்.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது இது. "வண்டி மாறும்போது அம்மாவுக்கு ஒரே ஓங்கரிப்பு. ஏறினதும், பிள்ளைய வாங்கிக்கிடுட்டின்னா. ஒன்னையப் பிடிச்சுக் கூட்டியாறது எம் பொறுப்பு. ஏறும்போது பைய வாங்க ஒங் கைய விட்டேன். திரும்பிப் பாக்கதுக்குள்ள இடுப்புல பிள்ளை. அப்பா தலைய எண்ணுவாரு. நான் கைய எண்ணுவேன். வண்டி நகந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"சொல்லியிருக்கலாமே அக்கா."

"பயம்லா. தட்டப்பாறை வரைக்கும் வாயத் தொறக்கல. அங்க வச்சுத்தான் சொன்னேன். அப்பா அறைஞ்ச அறையில காதுல கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கல. கையப் பிடிச்சு எறக்கிக் கூட்டியாந்துட்டாரு. நீ சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்த."

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெண்டைக்காய் எவ்வளவு போதும் என்று நடுவில் விசாரித்துக்கொண்டும் இருந்தாள்.

அக்கா பிறந்தது 1952இல். இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். அது எங்கள் தெருவுக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. எட்டாவது பிறந்து சில வருஷம் கழித்து எதிர்ச்சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்தார்கள். "இத முன்னாலயே வரைஞ்சிருக்கக் கூடாதா" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரித்தாளா என்று ஞாபகமில்லை. அந்த மணியாச்சிப் பயணத்துக்குச் சில மாதம் முன்புதான், எட்டாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள் என் கைக்கு வந்தபோது முதல் பெயர் அண்ணனுடையதாக இருந்தது. எனக்கு எழுத இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

கூட்டுக் குடும்பம், பெரிய குடும்பம் பற்றி நம்மில் ஏக்கத்தோடு எழுதுகிறவர்களை யோசித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஐந்தாவது பையன்கள். யாரும் கவனிக்காமல் திரிய முடிந்தவர்கள், வேடிக்கை பார்க்க நேரம் இருந்தவர்கள். கவனிக்கப்படாதிருப்பது பெரிய சுகம்தான்; ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த என் மகனுக்கு அதை என்னால் தர முடியவில்லை. ஆனால் என் விஷயத்தில் யாரும் கவனிக்கவில்லை என்பதே சரியில்லை. ஒருத்தி கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு ஒரு கை குறைந்தபோதுதான் எனக்கு அந்த பெஞ்சு கிடைத்தது.

மறுநாள் மண்டபத்துக்குப் போக வேன் வந்தது. அக்கா கீழே கதவருகில் நின்று எங்களை ஏற்றிவிட்டு எண்ணினாள். "ஏழு. எல்லாரும் இருக்காவ, கெளம்பலாம்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஏறினாள். ஆற்றைக் கடந்தபின் தன்னை விட்டுவிட்டு எண்ணிய பரமார்த்த குருவின் சீடர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களை மடையர்கள் என்று படித்திருக்கிறோம். நான் கை கொடுத்தேன். முட்டி வலியோடு பிடித்துக்கொண்டு ஏறினாள்.

இப்போதும் மணியாச்சிக் கதையைக் கேட்கிறார்கள். தட்டப்பாறையையும் சேர்த்துச் சொல்கிறேன். கதை முன்போல் நன்றாக இல்லை என்கிறார்கள்.