பித்தநாளக் கல்: அக்காவின் தழும்பும் தம்பியின் துளைகளும்

திருவாரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அக்கா, தம்பி இருவருக்குமே பித்தநாளத்தில் கல். அக்காவுக்கு இருபது வருஷத்துக்கு முன்பு வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். தம்பிக்கு இந்த வருஷம்தான் வந்தது.

பித்தப்பையில் உருவாகும் கல் நழுவி, குடலுக்குப் பித்தநீர் போகும் குழாயில் வந்து சிக்கிக்கொள்வதே பித்தநாளக் கல். மதகில் கட்டை அடைத்த மாதிரிதான். தம்பி மேல்வயிற்று வலியை வாயு என்றே நினைத்தார். பிறகு கண் மஞ்சளானது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது, மலம் வெளுத்தது. ஒரு வாரம் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். தாளடி நெல் அறுப்புக்கு நின்றது.

"அறுப்பு முடியட்டும்க்கா."

"நெல்லை ஆள் வச்சு அறுத்துக்கலாம்டா. காமாலையோட குளிர்காய்ச்சல் வந்தா ஒரு ராத்திரிகூட தாங்காது. கிளம்பு."

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்ததும் அடைப்பு தெரிந்தது. முதலில் வாய் வழியாக எண்டோஸ்கோப்பிக் குழாயை விட்டுப் பித்தநாளக் கல்லை எடுத்தார்கள். சில நாள் கழித்து, வயிற்றில் நான்கு சிறு துளை போட்டு, கல் நிறைந்த பித்தப்பையை அகற்றினார்கள். இரண்டாம் நாள் வீடு திரும்பினார். வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. ஒரு வாரத்தில் வரப்பில் நடந்தார். மூட்டை தூக்க மட்டும் ஒரு மாதம் தடை.

அக்காவுக்கு வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் தழும்பு. பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார். பித்தநீர் வடிய வைத்த ரப்பர் குழாயோடும் பையோடும்தான் வீட்டுக்கு வந்தார். எக்ஸ்ரே பார்த்த பிறகே அதை எடுத்தார்கள். இரண்டு மாதம் குடம் தூக்கவில்லை.

அதற்காகத் திறந்து செய்வது மட்டமான முறை அல்ல. கல் மிகப் பெரிதாக இருந்தாலோ, முந்தைய அறுவை சிகிச்சையால் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தாலோ, எண்டோஸ்கோப்பி எட்டாவிட்டாலோ அதுவே பாதுகாப்பு. துளை வழியாகத் தொடங்கிவிட்டு, நடுவில் திறக்கவும் நேரலாம். அது மருத்துவரின் தோல்வி அல்ல. நோயாளியின் நன்மைக்கான முடிவு. பயிற்சியும் கருவியும் உள்ள இடங்களில் பித்தநாளக் கல்லையும் பித்தப்பையையும் துளை வழியாக ஒரே தடவையில் எடுப்பதும் உண்டு.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: கல் பையில் மட்டுமா, நாளத்திலும் உண்டா? எத்தனை கட்டமாகச் செய்வீர்கள்? திறக்க வேண்டி வருமா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எவ்வளவு கிடைக்கும்?

நாளத்தை அடைத்த கல்லைக் கீழாநெல்லி கரைக்காது. மஞ்சள் காமாலை, குளிர்காய்ச்சல், மேல்வயிற்று வலி மூன்றும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். எந்த முறையில் எடுப்பது என்பதை மருத்துவமனை போய்ச் சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.