`அரை நூல் தள்ளுங்கப்பா!' - வீணைப் பட்டறையில் அப்பாவின் காதும் என் காதும்

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை. சென்னையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் தஞ்சாவூர் வந்து இறங்கினேன். வீட்டை ஒட்டிய பட்டறையில், பழைய புடவை சுற்றிய வீணை ஒன்று ஓரமாகக் கிடந்தது. அப்பா கொடுத்தனுப்பி மூன்றே நாளில் திரும்பி வந்த வீணை.

"மேல் ஸ்தாயி சேரலைங்கறாங்க டீச்சர். வண்டியில வர்றப்ப மெழுகு இளகியிருக்கும்" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

மார்கழிப் பனியில் மெழுகு எங்கே இளகும்? எனக்குச் சுருக்கென்றது. ஆனால், எதுவும் கேட்கவில்லை.

எங்கள் பட்டறை சின்னது. அப்பா, இருபது வருடமாக அவருடன் இருக்கும் ஓர் அண்ணன், அவ்வளவுதான். பலா மரத்தைக் குடைந்து குடம் செய்வது, தண்டி இழைப்பது, யாளி முகம் செதுக்குவது எல்லாம் அந்த அண்ணனுக்கும் வரும். அப்பா ஒருவருக்கு மட்டுமே வருவது, மேளம் கட்டுவது.

கிட்டாரைப் பார்த்திருப்பீர்கள். மெட்டு எங்கே வர வேண்டும் என்று அளவு எடுத்து, மரத்தில் கோடு அறுத்து, கம்பியை அடித்து இறக்கிவிடுவார்கள். வீணையில் அப்படி இல்லை. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கறுப்பு மெழுகைத் தண்டியின் மேல் இரண்டு வரப்பாகக் கட்டி, அதில் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். பதித்து, தந்தியை மீட்டி, காதால் கேட்டு, நகர்த்தி, மறுபடி மீட்டி... அந்தக் கேட்கும் வேலைதான் மேளம் கட்டுவது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 12-வது மெட்டு தந்தியின் சரிபாதியில் வரும். 24-வது, கால் பங்கில். அதாவது, குடத்தை நோக்கிப் போகப் போக மெட்டுகள் நெருங்கிக்கொண்டே வரும். தொடக்கத்தில் இரண்டு மெட்டுகளுக்கு நடுவே மூன்று விரல் வைக்கலாம். கடைசியில் ஒரு விரல் நுழைவதே பாடு. அங்கே அரை நூல் பிசகினாலும் சுரம் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் வீணையை எடுத்து மடியில் வைத்தேன். பத்தாவது வரை கற்றுக்கொண்டு, பப்ளிக் எக்ஸாம் என்று விட்டவள் நான். கீழ் ஸ்தாயி கும்மென்று சேர்ந்தது. 19-வது மெட்டில், மேல் பஞ்சமம் கூடி நின்றது. அதற்கடுத்த மெட்டுகளும் அப்படியே. மெழுகில் ஒரு விரிசல்கூட இல்லை. தப்பு மெழுகில் இல்லை என்பது அப்போது புரிந்தது.

அந்த வாரமே காது டாக்டரிடம் அழைத்துப்போனேன். ரிப்போர்ட்டில் கோடு வலப்பக்கம் சரிந்து இறங்கியது. வயதோடு, பல வருட மெஷின் சத்தமும் சேர்ந்துகொண்டது என்றார் டாக்டர். காதில் மாட்டும் மெஷின் வாங்கினோம். "மனுஷங்க பேச்சு நல்லா கேக்குதும்மா. தந்திதான் தகரமா கேக்குது" என்று பட்டறைக்குள் நுழையும்போதெல்லாம் கழற்றி வைத்துவிடுவார்.

2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றி நானே ஒரு வீடியோ ஸ்டோரி செய்திருக்கிறேன். பெருமை, பாரம்பரியம் என்று ஏகப்பட்ட வார்த்தைகள். மேளம் கட்டும் ஒரு காது மங்கினால் ஒரு பட்டறையே நின்றுபோகும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் வீட்டு விஷயம் எனக்கே தெரியாமல் இருந்தது.

டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவள் அல்லவா, முதலில் போனில் ட்யூனர் ஆப் போட்டுக் காட்டினேன். கீழ் ஸ்தாயி அந்தர காந்தாரத்துக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அங்கே அப்பாவின் காது இன்னும் கெட்டி. தலையாட்டி மறுத்தார். "இது கிட்டார் காந்தாரம் பாப்பா. தம்புராவோட சேர்த்துக் கேளு, துளி கீழ நிக்கணும்." கேட்டேன். அவர் சொன்னது சரி. ஆப்பை மூடி வைத்தேன்.

"அப்ப மேல் ஸ்தாயிக்கு நான் கேட்டுச் சொல்றேன்ப்பா" என்றேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு, மெழுகைச் சூடு காட்ட எடுத்தார்.

அவர் மெட்டைப் பதிக்க, நான் மீட்டினேன். "கூடியிருக்குப்பா. அரை நூல் யாளிப் பக்கம் தள்ளுங்க." தள்ளினார். "இன்னும் துளி." சின்ன வயதில் அவர் அந்த அண்ணனிடம் சொல்லிக் கேட்ட அதே வார்த்தைகள். 24-வது மெட்டு முடிய மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. சோறு ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் டீச்சருக்கு அப்பாவே போன் செய்தார். "மெழுகு இல்லம்மா, தப்பு என் பேர்லதான். காது கொஞ்சம் மந்தமாயிடுச்சு. இப்ப பொண்ணு கேட்டுப் பாத்துட்டா." நாற்பது வருடத் தொழிலில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இனி ஆர்டர் வராதோ என்ற பயம் எனக்கு.

ஸ்பீக்கரில் டீச்சர் குரல் கேட்டது: "எங்கிட்ட இன்னொரு பழைய வீணை இருக்குங்க. அதுக்கும் மேளம் கட்டணும். பொண்ணு மறுபடி எப்ப ஊருக்கு வர்றா?"

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் பஸ் ஏறுகிறேன். எவ்வளவு நாள் இப்படி ஓடும் என்று தெரியவில்லை. அந்த அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கப் பழக்குகிறோம். போன முறை, நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "அரை நூல் தள்ளணும்ண்ணே!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.