பழத் தட்டு

எங்கள் வீட்டுக்கு அப்பிளும் திராட்சையும் வந்தால் யாருக்கோ சுகமில்லை என்று அர்த்தம். நோயாளி பார்க்கப் போகும்போதுதான் அவற்றை வாங்குவோம். அதனாலோ என்னவோ, ஆறு வயதுத் தம்பியிடம் பழத்தை நீட்டினால், "எனக்குக் காய்ச்சல் இல்லையே!" என்பான்.

உம்மா கெஞ்சிப் பார்த்தார். பழம் சாப்பிட்டால் சொக்லேட் தருவதாகவும் சொன்னார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. பரிசு சொக்லேட் என்றால், பழம் தண்டனை என்றுதானே பிள்ளை விளங்கிக்கொள்ளும்?

ஆனால் ரமழானில் அவன் வேறு பிள்ளை. நோன்பு திறக்கும் வேளையில் எல்லோருக்கும் நடுவே பேரீச்சம்பழமும் வெட்டிய பப்பாசியும் இருக்கும். யாரும் அவனைச் சாப்பிடச் சொல்வதில்லை. வாப்பாவின் கை தட்டுக்குப் போகும். அவன் கையும் பின்னால் போகும். பெருநாளோடு அந்தத் தட்டு அலுமாரிக்குள் போய்விடும்.

இம்முறை நான் அதை உள்ளே வைக்க விடவில்லை. மஃரிபுக்குப் பிறகு வளவில் காய்க்கும் பப்பாசியையோ கொய்யாவையோ வெட்டி நடுவில் வைக்கிறேன். அப்பிளுக்குக் காசு கொட்டத் தேவையில்லை. எடைக்கு எடை பார்த்தால் தோடம்பழத்தைவிடக் கொய்யாவில் விற்றமின் சீ பல மடங்கு அதிகம். பெரியவர்கள் பழமும் மரக்கறியுமாக நாளுக்கு 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடையிலிருந்து வந்ததும் பிஸ்கட் தேடும் வாப்பாவுக்கும் இந்தத் தட்டு தேவைதான்!

முதல் வாரம் தம்பி திரும்பியும் பார்க்கவில்லை. நாங்கள் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டோம். நேற்று, கொய்யாவுக்கு உப்புக் காணாதென்று அவனே குசினிக்குப் போய் எடுத்து வந்தான்.