ஜடேஜாவும் கவ்வாத்தும்

2025 நவம்பர் 15ஆம் திகதி வெலிமடையிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். சுகம் விசாரிக்கவில்லை. "மாமா, ஜடேஜாவ குடுத்துட்டானுக" என்றான். அந்தக் குரலைக் கேட்டு, உறவில் யாரோ போய்விட்டார்கள் என்றே முதலில் நினைத்தேன்.

விளையாட்டில் நாட்டமில்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சென்னை சுப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் றோயல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. சென்னை அணி தடை செய்யப்பட்டிருந்த 2016, 2017 நீங்கலாக, 2012 முதல் அங்கேயே ஆடியவர் ஜடேஜா. மூன்று வாரத்தில் அவருக்கு 37 வயது நிறையவிருந்தது. சாம்சனுக்கு 31.

கொழும்பில் இது ஒரு செய்தி. தோட்டத்து லயங்களில் இது குடும்ப விவகாரம். தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழகத்திலிருந்து வந்த ஒருவரின் பேரனான முத்தையா முரளிதரன், 2008இல் மஞ்சள் சட்டை அணிந்த நாளிலிருந்து அந்த அணி எங்களுடையதாகிவிட்டது. 2023இன் இறுதிப் போட்டி மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய், நள்ளிரவும் தாண்டி முடிந்தபோது நான் ஊரில் இருந்தேன். கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் வேண்டும். மோஹித் சர்மாவின் பந்துகளை ஜடேஜா முதலில் ஆறுக்கும் அடுத்து நான்குக்கும் அடித்தார். விடிந்ததும் பிரட்டுக்குப் போகவேண்டிய பெண்களும் விழித்திருந்தார்கள். எது ஓட்டம், எது விக்கெட் என்று இன்றுவரை அறியாத என் அக்கா, தோனி ஜடேஜாவைத் தூக்கிக்கொண்டபோது அழுதாள்.

மருமகனின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 2018இல் கிழவர்களின் அணி என்று ஊரே சிரித்தது. 36 வயது வொட்சன் இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுத்துக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். "வயசெல்லாம் பேப்பர்காரங்க கணக்கு மாமா" என்றான். எனக்குத்தான் அந்தக் குத்து.

நான் 2025ஐ நினைவூட்டினேன். 14 ஆட்டங்களில் நான்கே வெற்றிகள். அணியின் வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசி இடம். ருதுராஜ் காயமடைய, 43 வயதுத் தோனி மீண்டும் தலைவரானார். ருதுராஜின் இடத்துக்கு எடுக்கப்பட்ட 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் குவித்தான். காயம் ஏற்பட்டிராவிட்டால் அந்தப் பிள்ளை அவ்வாண்டு களத்துக்கே வந்திருக்கமாட்டான்.

என் தகப்பனார் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலையை வெட்டித்தான் ஆகவேண்டும். விட்டால் செடி கைக்கு எட்டாமல் வளர்ந்து, கொழுந்து சிறுத்துப் போகும். வெட்டினால் சில மாதங்களுக்கு அந்த மலையில் கொழுந்தே இல்லை. ஆகவே ஓராண்டில் ஒரு மலை, மறு ஆண்டில் இன்னொரு மலை. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வெட்டினால் தோட்டம் பட்டினி கிடக்கும். வேரில் பலமில்லாத செடிக்கு ஓரிரு கிளைகளை விட்டு வெட்டுவார். புதுத் தளிர் பிடித்தபின் வந்து அவற்றையும் அறுப்பார்.

சென்னை அணி கிண்ணத்தோடு நின்ற 2023இலேயே முதல் மலையை வெட்டியிருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். வேரில் பலம் இருந்த காலம் அது. வெட்டாமல் விட்டு, கடைசி இடத்துக்கு வந்தபின் ஒரே மாதத்தில் வெட்டினார்கள். நம்மூர் மதீஷ பத்திரனவையும் விடுவித்தார்கள். அவரைக் கொல்கத்தா 18 கோடி இந்திய ரூபாய்க்கு வாங்கியது. சென்னையோ டிசம்பர் ஏலத்தில், இந்தியாவுக்காக ஒரு ஆட்டமும் ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இரு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி கொடுத்தது. இளைஞர்களை எடுத்தது சரி. ஆனால் விட்டுவைத்திருக்கவேண்டிய கிளை ஜடேஜா என்றே இன்றும் நினைக்கிறேன்.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பது வேறு கதை. நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் ஞாயிறு பக்கங்களை யாரிடமும் கொடுக்காமல் ஒன்பது ஆண்டுகள் வைத்திருந்தேன். காய்ச்சலோடும் போய் அமர்ந்திருக்கிறேன். என்னைவிட நன்றாக எழுதிய ஓர் இளைஞன் அடுத்த மேசையில் பிழை திருத்திக்கொண்டிருந்தான். பிறகு கனடாவுக்குப் போய்விட்டான். அங்கு எழுதுவதில்லை என்று கேள்விப்பட்டேன். "இந்த வாரம் நீ செய் தம்பி" என்று ஒரு தடவையேனும் சொல்லியிருக்கலாம்.

மருமகனிடம் இதைச் சொல்லவில்லை. தைப்பொங்கலுக்கு ஊர் போனபோது அவன் ஜடேஜாவின் 8ஆம் இலக்கச் சட்டையோடுதான் கிழங்கு மூட்டைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தான். மூன்று நாள் முறைத்தான். நான் பஸ் ஏறும்போது மட்டும் அருகில் வந்து, கொழும்பில் சாம்சன் பெயர் போட்ட சட்டை கிடைக்குமா மாமா என்று மெதுவாகக் கேட்டான். அளவைக் குறித்துக்கொண்டேன்.