‘தெரியும்’ வேற, ‘தெரிஞ்சது’ வேற: ஒரு ஸ்பானிஷ் சொல் நடத்திய பாடம்

‘எனக்கு நேத்துதான் தெரிஞ்சது.’

தமிழில் மூன்றே சொற்கள். இதை ஸ்பானிஷில் சொல்லப்போய், துக்கத்தில் இருந்த ஒரு பாட்டியின் மனதைப் புண்படுத்திவிட்டு மாடிப்படியில் நின்றாள் அந்தப் பெண்.

திருச்சியிலிருந்து மேற்படிப்புக்காக மாட்ரிட் போனவள். லவாப்பியேஸ் பகுதியில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் அவளுக்கு அறை. மூன்றாவது மாடியில் ஒரு தாத்தாவும் பாட்டியும். முதல் குளிர்காலத்தில் அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, அந்தப் பாட்டிதான் கிண்ணம் நிறைய பூண்டு சூப்போடு மேலே ஏறி வந்தார்.

“சபே ஆ அஹோ” என்றார் சிரித்துக்கொண்டே.

அவளுக்குக் குழப்பம். ‘அஹோ’ என்றால் பூண்டு, அது புரிந்தது. ஆனால், ‘சபேர்’ என்றால் ‘தெரிந்திருப்பது’ என்றுதானே செல்போன் ஆப் சொல்லிக் கொடுத்தது? சூப்புக்கு என்ன தெரியும்?

அறிவும் ருசியும்

ஸ்பெயின் முதல் அர்ஜென்டினா வரை 20 நாடுகளில் ஸ்பானிஷ் ஆட்சிமொழி. அத்தனை ஊரிலும் தினமும் புழங்கும் வினைச்சொல் ‘சபேர்’. ஒரு செய்தி தெரியும் என்பதற்கும் இதுதான், நீச்சல் தெரியும் என்பதற்கும் இதுதான். ஓர் உணவு எப்படி ருசிக்கிறது என்று சொல்லவும் இதுவேதான். பாட்டி சொன்னதன் அர்த்தம், ‘பூண்டு ருசி தூக்கலா இருக்கும்.’

காரணம், அந்தச் சொல்லின் தாய்வீடு. லத்தீன் மொழியில் ‘சபேரே’ என்றால் ருசிப்பது, பகுத்தறிவது என இரண்டும் உண்டு. மனித இனத்துக்கு வைத்த ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ என்ற பெயரும் அந்த வேரிலிருந்து வந்ததுதான்.

நமக்கு இதில் ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. ‘தூரத்துல மலை தெரியுது’ என்கிறோம், ‘எனக்கு விஷயம் தெரியும்’ என்றும் சொல்கிறோம். நம் அறிவு கண் வழியாக வந்தது. அவர்களுடையது நாக்கு வழியாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்!

ஆட்களை மட்டும் இந்தச் சொல்லில் சேர்க்க முடியாது. ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்று சொல்ல, ‘கொனோசேர்’ என்று தனியே ஒரு வினை இருக்கிறது.

மூன்றாவது மாடியில் நடந்தது

பாட்டியின் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார். அவள் அப்போது ஊரில் இல்லை. ஸ்பெயினில் இறந்தவரைப் பெரும்பாலும் வீட்டில் கிடத்துவதில்லை. ‘தனத்தோரியோ’ எனப்படும் அஞ்சலிக்கூடத்தில் வைத்து, ஓரிரு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். வாசலில் பந்தல் கிடையாது, பறையும் கிடையாது. செவ்வாய்க்கிழமை கீழே மளிகைக்கடைக்காரர் சொல்லித்தான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

அன்றிரவே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். ‘நேத்துதான் தெரிஞ்சது.’ இதை மனதுக்குள் ஆங்கிலமாக்கினாள். தெரிஞ்சது என்றால் ‘நியூ’. அதற்கு ஆப் கொடுத்த ஸ்பானிஷ் சொல் ‘சபீயா’.

புதன்கிழமை கதவைத் தட்டினாள். பாட்டி திறந்தார். “லோ சியென்ட்டோ மூச்சோ” என்று வருத்தம் தெரிவித்தாள். பிறகு, தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள்: “அயேர் லோ சபீயா.”

பாட்டியின் முகம் மாறியது. “லோ சபீயாஸ்?” என்று கேட்டார்.

புது மொழி கற்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேள்வி பாதி புரிந்தாலும் தலையாட்டிவிடுவார்கள். அவளும் “சீ, சீ” என்று தலையாட்டினாள். ஆமாம், ஆமாம்.

“வாலே” என்றார் பாட்டி. சரி என்று அர்த்தம். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

புள்ளியும் கோடும்

வியாழக்கிழமை மாலை மொழி வகுப்பில், நடந்ததை ஆசிரியையிடம் சொன்னாள். அவர் பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டார். அதன் அருகில் ஒரு புள்ளி வைத்தார்.

கோடுதான் ‘சபீயா’. அந்த நேரத்தில் விஷயம் ஏற்கெனவே மனதில் இருந்தது. எப்போது வந்தது என்ற பேச்சே இல்லை. புள்ளி ‘சூப்பே’. தெரியாமல் இருந்த விஷயம் தெரியவந்த அந்த ஒரு கணம். இரண்டுமே இறந்தகாலம்தான். ‘இம்பெர்ஃபெக்தோ’, ‘இந்தெஃபினீதோ’ என்று இலக்கணத்தில் பெயர்.

அப்படியென்றால், அவள் பாட்டியிடம் சொன்னது என்ன? ‘நேத்தே எனக்குத் தெரியும்.’

‘உனக்குத் தெரியுமா?’ என்று பாட்டி கேட்டிருக்கிறார். இவள், ‘ஆமா, தெரியும்’ என்றிருக்கிறாள். தெரிந்தும், ஒரு மாடி இறங்கி வரவில்லை! இழவு வீட்டில் இதைவிட வலிக்கும் பதில் வேறு உண்டா?

இன்னும் சில வினைகளும் இப்படித்தான் என்றார் ஆசிரியை. ‘கொனோசீயா’ என்றால் ஒருவரை முன்பே பழக்கம். ‘கொனோசீ’ என்றால் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தது. விதிவிலக்கும் இருக்கிறதாம். ‘சியெம்ப்ரே சூப்பே’ என்றால் ‘எப்பவுமே எனக்குத் தெரியும்’. புள்ளிச் சொல்தான், ஆனால் வாழ்நாள் முழுக்க நீளும் கோட்டைச் சொல்கிறது.

நடுவில் புகுந்த ஆங்கிலம்

வீடு திரும்பும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கோடும் புள்ளியும் தமிழில் ஏற்கெனவே இருக்கிறதே!

‘அப்பவே எனக்குத் தெரியும்’ என்கிறோம். நடந்து முடிந்த கதையைச் சொல்லும்போதும் ‘தெரியும்’ மாறுவதில்லை. அதுதான் ‘சபீயா’. ‘நேத்துதான் தெரிஞ்சது’ என்கிறோம். அது ‘சூப்பே’. ‘எனக்கு அப்போ தெரியாது’ என்பது ‘நோ லோ சபீயா’. மூன்றும் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

நம் வீட்டுச் சண்டைகளை நினைத்துப் பாருங்கள். ‘உனக்கு முன்னாடியே தெரியுமா?’ என்ற கேள்விக்கு, ‘இல்லம்மா, இப்பதான் தெரிஞ்சது’ என்பதுதானே தப்பிக்கும் வழி? இந்த வித்தியாசம் நம் ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அத்துப்படி. அவளுக்கும் அத்துப்படிதான். தமிழில் சரியாக யோசித்ததை ஆங்கிலத்தின் ‘நியூ’வுக்குள் அடைத்தபோது, கோடும் புள்ளியும் ஒன்றாகிவிட்டன. அங்கிருந்து ஸ்பானிஷுக்குப் போனபோது, தப்பானது கைக்கு வந்துவிட்டது.

புது மொழி கற்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். எல்லாப் பாடத்துக்கும் ஆங்கிலம் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. சில நேரம் அம்மா பேசிய மொழியே குறுக்குவழி.

மறுபடியும் அதே கதவு

அன்றிரவே மூன்றாவது மாடியில் நின்றாள். அழைப்பு மணியை அழுத்தும் முன் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. “நோ லோ சபீயா” என்றாள். எனக்குத் தெரியாது. “லோ சூப்பே எல் மார்த்தெஸ்.” செவ்வாய்க்கிழமைதான் தெரிஞ்சது.

பாட்டி சில விநாடிகள் அவளையே பார்த்தார். பிறகு, “அய், இஹா” என்றார். இஹா என்றால் மகளே. கதவை அகலத் திறந்து, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

சமையலறையில் உட்கார வைத்து, தாத்தாவின் கடைசி நாள்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். பாதிதான் புரிந்தது. இந்த முறை, புரியாத இடங்களில் அவள் தலையாட்டவில்லை. “நோ என்டியெந்தோ” என்று சொல்லிவிட்டாள். புரியவில்லை என்றதும் பாட்டி நிறுத்தி, மெதுவாக மறுபடி சொன்னார். நடுவில் ஒரு திருத்தமும் சொன்னார். ‘சூப்பே’ சரிதான், ஆனால் பேச்சில் ‘மெ என்டெரே’ என்று சொல்வதுதான் வழக்கமாம்.

பிறகு அடுப்பிலிருந்து ஒரு கிண்ணத்தில் சூப் ஊற்றி அவள் முன் வைத்தார்.

“அ கே சபே?” என்று கேட்டார். என்ன ருசி தெரியுது?

“சபே ஆ அஹோ” என்றாள் அவள்.