வாப்பாவின் சட்டைப்பையில் இருந்த ஷட்டில்

பெருநாளன்று என் மூத்த மகன் வட்டிலாப்பத்தில் ஒரு கரண்டி எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். அவன் கொழும்புக்கு அருகே இரத்மலானையில் சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்பவன். வேலை முடிந்ததும் ‘இது பறக்கத் தகுதியானது’ என்று கையொப்பமிடும் உரிமம் போன வருடம்தான் அவனுக்குக் கிடைத்தது. அந்தக் கையொப்பமே இப்போது அவன் தொண்டையில் முள்ளாக நின்றது.

விமானம் ஓட்டப் பழகுபவர்களுக்கான இரண்டு இருக்கை விமானம் ஒன்று மூன்று மாதமாக நிற்கிறதாம். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் வெடிப்பு. புதியது கிடைக்கவில்லை. விமானத்துக்கு உரியவர் எங்கிருந்தோ ஒரு கவையைத் தேடிக் கொண்டுவந்துவிட்டார்.

“நம்பர் சரி, அளவு சரி, பெயின்ட் கூடச் சரி உம்மா. கடதாசிதான் இல்ல. போடு, ஆருக்குத் தெரியப் போகுது எண்டு கேக்கிறாங்க.”

எனக்கு விளங்கவில்லை. “பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் உண்டா மகன்? லொறிக்கும் வேனுக்கும் அங்கே வாங்கும்போது யார் கடதாசி கேட்கிறார்கள்?” என்றேன்.

“வேன் பழுதானா இறங்கித் தள்ளலாம். வானத்தில எங்க இறங்குறது?” என்று சிரித்தான். பிறகு பொறுமையாகச் சொன்னான்.

விமானத்தில் போடும் உதிரிப்பாகம் ஒவ்வொன்றும் ஒரு சான்றோடு வரவேண்டும். எந்த எண், யார் செய்தது, எந்த அனுமதியின் கீழ் செய்தது, பழையதானால் யார் சோதித்தது என்றெல்லாம் அதில் எழுதி, பொறுப்பான ஒருவர் கையொப்பமிட்டிருப்பார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கென்றே தனிப் படிவங்கள் உண்டு. அந்தத் தாள் இல்லாவிட்டால், தங்கத்தால் செய்ததானாலும் அது வெறும் உலோகம்தான்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றதற்கு அவன் சொன்ன சம்பவம் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. 1989 செப்டம்பர் 8ஆம் திகதி நோர்வேயின் ஒஸ்லோவிலிருந்து ஜேர்மனியின் ஹம்பேர்க்குக்குப் புறப்பட்ட ஒரு விமானம் டென்மார்க்கின் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். பயணிகள் ஒரு கப்பல் கம்பனியின் ஊழியர்கள். புதிய கப்பல் ஒன்றுக்குப் பெயர் சூட்டும் விழாவுக்குப் புறப்பட்டவர்கள். கடலடியிலிருந்து துண்டுகளை எடுத்து ஆராய்ந்தபோது, வால்பகுதியைப் பிணைத்திருந்த ஆணிகளில் போலிகள் இருந்தது தெரியவந்தது. பார்வைக்கு அசல் போலவே இருந்தன. தாங்கும் வலிமைதான் இல்லை.

“அப்படியானால் பழைய விமானங்களெல்லாம் குப்பைக்குத்தானா?” என்று கேட்டேன்.

அப்படியில்லையாம். செஸ்னா 152 என்ற ரகம் 1977 முதல் 1985 வரைதான் செய்யப்பட்டது. அந்தக் கம்பனி 1986இல் சிறு விமானங்கள் செய்வதையே நிறுத்தி, 1996இல் மீண்டும் தொடங்கியபோதும் 152ஐத் திரும்பச் செய்யவில்லை. ஆனாலும் இன்றும் பல நாடுகளில் அவை பறக்கின்றன. பாகங்களைத் தேட முறையான வழிகள் இருக்கின்றன. பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண் வந்திருக்கிறதா என்று பட்டியலில் பார்ப்பார்கள். வேறு தொழிற்சாலைகள் அரசின் அனுமதி பெற்று அதே பாகத்தைச் செய்வதுண்டு. கழித்துப் பிரித்த விமானத்தின் பாகத்தை, அங்கீகாரம் பெற்ற பட்டறையில் வெடிப்பு, தேய்மானம் பார்த்துச் சான்றோடு வாங்கலாம். அமெரிக்காவில் உரிமையாளரே தன் விமானத்துக்கு மட்டும், விதிகளுக்கு அமைய, பாகம் செய்துகொள்ளவும் இடமுண்டு. எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒருவர் தன் பெயரைப் போட்டு ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று சொல்லியாக வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு மர்ஹூமான என் வாப்பாவின் ஞாபகம் வந்தது.

நாங்கள் புளியங்குளத்துக்காரர்கள். வவுனியாவிலிருந்து கண்டி வீதியால் வடக்கே போனால், நெடுங்கேணிக்குப் பாதை பிரியும் சந்தி. அங்கே வாப்பாவுக்குச் சிறியதொரு திருத்தகம் இருந்தது. சைக்கிள், தண்ணீர்ப் பம்பு, தையல் மெஷின் எல்லாம் பார்ப்பார். பக்கத்தில் ஒரு தமிழ் அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தன் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். அவரிடம் இருந்தது அந்தக் காலத்துச் சிங்கர். அதில் இப்போதுள்ள வட்டப் பொபின் கிடையாது. விரல் நீளத்தில், முனை கூராக, துப்பாக்கித் தோட்டா போன்ற ஷட்டில் ஒன்று ஊசிக்குக் கீழே முன்னும் பின்னும் ஆடும். ஊசி நூலின் வளையத்துக்குள் அந்த முனை வழுக்கிக்கொண்டு நுழைந்தால்தான் தையல் விழும். முனை சற்றுச் சிதைந்தாலும் நூல் பிய்ந்துவிடும்.

1990ஆம் ஆண்டு அந்த முனை உடைந்தது. அக்கா அதைக் கொண்டுவந்து வாப்பாவின் கையில் வைத்தார். “தேடித் தாறன் பிள்ள” என்றார் வாப்பா.

அதே ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் என்று வன்னிக்கு வரத் தடையான பொருள்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதையும், ஜாம் போத்தலில் விளக்கு எரிந்ததையும் அந்நாளில் அங்கிருந்தவர்கள் அறிவார்கள். வாப்பா சிரமப்பட்டு வவுனியா போய், உடைந்த ஷட்டிலைக் காட்டி, இது போன்ற ஒன்றை வாங்கிக் கொண்டுபோக அனுமதி கேட்டார். தோட்டா வடிவத்தில் இருந்ததைக் கண்டதும் ஓர் அலுவலகத்தில் அவரை அரைநாள் உட்கார்த்தி வைத்தார்கள். இது இன்ன சாமான் என்று கிராம சேவகரின் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்தோடு போனபோது வேறு கடிதம் வேண்டும் என்றார்கள்.

அந்த அலைச்சல் முடியும் முன்னரே ஒக்டோபர் வந்தது. வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். கையில் பிடிக்கக்கூடியதோடு நாங்களும் புறப்பட்டோம். எனக்கு அப்போது 16 வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் முதல் இரவு வாப்பா சட்டையைக் கழற்றியபோது பையிலிருந்து அந்த உடைந்த ஷட்டில் விழுந்தது. உம்மா அழுதுவிட்டார். “கடையை விட்டுவிட்டு இதையா கொண்டுவந்தீங்க?” என்றார். “கடை என்னுடையது. இது அமானிதம்” என்றார் வாப்பா.

கொழும்புக்குப் போகும்போதெல்லாம் தேடினார். கடைசியில் வயதான தையற்காரர் ஒருவர் கழித்துப் போட்டிருந்த மெஷினிலிருந்து ஒன்று கிடைத்தது. எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். வருடங்கள் ஓடின.

2002இல் போர்நிறுத்தம் வந்து, பாதை திறந்து, பெரும்பாலான பொருள்களுக்கு இருந்த தடையும் நீங்கியது. வாப்பாவோடு நானும் போனேன். நாலு வயது மகனை உம்மாவிடம் விட்டிருந்தேன். புறப்படுமுன் வாப்பா ஒரு தாளில், இது பழைய சிங்கர் மெஷினின் ஷட்டில், இன்னாரிடமிருந்து வாங்கினேன், இன்னாருக்குக் கொண்டுபோகிறேன், இதற்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கையொப்பமிட்டு விலாசமும் போட்டார். ஓமந்தையில் ஒரு சோதனை, புளியங்குளத்தில் இன்னொரு சோதனை. அங்கே இருந்த இளைஞன் ஷட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாப்பா தாளைக் கொடுத்து, பொபினைக் கழற்றி நூல் ஓடும் விதத்தையும் காட்டினார். “எங்கட அம்மம்மாவிட்டயும் இப்பிடி ஒண்டு இருந்தது ஐயா” என்று திருப்பிக் கொடுத்தான்.

சந்தியில் எங்கள் கடையின் சீமெந்துத் தரை மட்டும் இருந்தது. விசாரித்து விசாரித்து, நெடுங்கேணிப் பாதையில் ஒரு கொட்டிலில் அக்காவைக் கண்டுபிடித்தோம். மூலையில் சாக்கு மூடி அந்த மெஷினின் தலை இருந்தது. 1997இல் புளியங்குளத்தில் சண்டை நடந்தபோது, ஓடாத அந்த மெஷினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனாராம். “ஏன் பிள்ள இதைச் சுமந்தாய்?” என்றார் வாப்பா. “நீங்கள் தேடித் தாறனெண்டு சொன்னீங்களே” என்றார் அக்கா.

வாப்பா ஷட்டிலை உடனே அவர் கையில் கொடுக்கவில்லை. மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, தானே பொருத்திப் பழைய துணியில் தைத்துப் பார்த்தார். தையல் விட்டு விட்டு விழுந்தது. ஷட்டிலின் வில்லில் இருந்த சிறு ஆணியைத் திருகி, திருப்பித் தைத்தார். துணியின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்தி வந்த பிறகே அதே தாளில் ‘பொருத்தி ஓட்டிப் பார்த்தேன், சரி’ என்று எழுதித் திகதியிட்டார். அதில் ஒரு பிரதி அக்காவிடம், ஒன்று எங்களிடம்.

நான் அலுமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்து மகனிடம் கொடுத்தேன். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “உம்மா, நாங்க எழுதுறதும் இதைத்தானே” என்றான்.

அடுத்த வாரம் தொலைபேசியில் சொன்னான். கவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். உரியவருக்குக் கோபம்தான். வெளிநாட்டில் பிரித்த விமானம் ஒன்றின் கவை, சோதனைச் சான்றோடு வர இன்னும் ஆறு வாரமாகுமாம். அதுவரை விமானம் நிற்கும். அதில் ஏறிப் பழக இருப்பவன் எந்தத் தாயின் பிள்ளையோ, நிற்பது நல்லதுதான்.

சகோதரிகளே, நம் அடுப்படியிலும் பிரஷர் குக்கரின் வால்வ் இருக்கிறது, கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர் இருக்கிறது. மலிவாக, பார்வைக்கு அசல் போலவே ஒன்றை யாராவது நீட்டும்போது, ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வாங்குங்கள்.